பயணம் வைத்த பை

புதன்கிழமை வடக்கே சூலம். இது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பல்லு முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். தபால் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்திவிட்டுப் பென்சன் எடுத்த நாகேந்திரத்துக்கு மட்டும் தெரியாது. எங்கள் பத்துப் பேரையும் கொழும்பிலிருந்து திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போக அவர் பிடித்த நாள் புதன்கிழமை.

"மற்ற நாளிலை பத்து சீற் ஒண்டாக் கிடைக்கேல்லை, ரீச்சர். பிளேனுக்குச் சூலம் இல்லை. அது மேலாலை போறது," என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது. ஆனாலும் அன்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயணம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, வைகாசி மாதம். நாகேந்திரம் வருடத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரு கூட்டம் சேர்த்து இந்தியாவுக்குப் போய்வருவார். அந்த முறை வெள்ளவத்தையில் ஆறு பேர், கொட்டாஞ்சேனையில் நாலு பேர். ரைப் அடித்த தாளில் நிகழ்ச்சிநிரல் கொடுத்திருந்தார். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், தஞ்சைப் பெரிய கோவில், சிதம்பரம். நடுவில் இரண்டு நாள் 'எமது மக்களைச் சந்தித்தல்' என்று இருந்தது. திருச்சிக்குப் பக்கத்து அகதி முகாமுக்குப் போய், பிள்ளைகளுக்குக் கொப்பியும் பேனையும் கொடுத்து, அவர்கள் பாடுவதைக் கேட்டு, அவர்களோடு இருந்து சாப்பிட்டுவிட்டு வருவது. மற்றவர்கள் கோவிலுக்காகப் போனார்கள். நான் அந்த இரண்டு நாளுக்காகப் போனேன்.

என் ஒரே மகன் குகதாசன் அந்த முகாமில் இருந்தான். தொண்ணூறில் வள்ளம் ஏறிப் போனவன். ஏழு வருடமாக நான் அவன் முகம் பார்க்கவில்லை. முகாமிலேயே ஒரு பிள்ளையை விரும்பி, நாங்கள் போகும் கிழமை வெள்ளிக்கிழமை வயலூர் முருகன் கோவிலில் தாலி கட்ட நாள் வைத்திருந்தான். கூறைச்சேலையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோக வேண்டியவை. மாப்பிள்ளை வீடு என்று மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அவனுடைய அப்பா நாங்கள் இடம்பெயர்ந்த காலத்தில் சாவகச்சேரியில் காய்ச்சலோடு போய்விட்டார்.

தாலியை என் இடுப்பில் முடிந்துகொள்ளலாம். கூறையை எப்படிச் சூலத்தில் கொண்டுபோவது? மனம் ஒப்பவில்லை. இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைப் பயணம் வைக்கிறது என்போம். புறப்படும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முந்திய ஒரு நல்ல நாளில், நல்ல நேரம் பார்த்து, பயணப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டால் இறங்கி, போகிற திசையில் உள்ள இன்னொரு வீட்டில் அதை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு சூலம் ஒன்றும் செய்யாது. ஒரேயொரு விதி: வெளியே போன பை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பையோடு இறங்கினேன். நான் வாடகைக்கு இருந்த அறை, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். வடக்குப் பக்கம் முதல் வீடு எங்கள் ஊர் ஆட்கள். கதவைத் திறந்த மனிசி என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தா.

"ஐயோ அக்கா, பையோ? பொலிசிலை பதிஞ்ச ஆக்களைத் தவிர ஒரு துரும்பு கூட இருந்தாலும் கேள்வி கேக்கிறாங்கள். குறை நினையாதையுங்கோ."

அடுத்த வீட்டில் ஜன்னலால் கையை ஆட்டிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது யோசித்தால் அவர்களில் ஒரு பிழையும் இல்லை. முந்தின வருடம்தான் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஆள் இல்லாமல் ஒரு பை கிடந்தால் தெருவே காலியாகிவிடும். சூலம் தெரிந்த எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான்.

கடைசியில் சந்தியில் இருந்த மக்கீன் நானாவின் பலசரக்குக் கடைக்குப் போனேன். அதுவும் வடக்குத்தான். கடைக்குப் பின்னால் அவர்களுடைய வீடு. நான் விசயத்தைச் சொல்ல, அவர் சிரித்தார். 'இருக்கு' என்பது அவர்கள் வாயில் 'ஈக்கி' என்று வரும்.

"ஒரு பையில என்ன ஈக்கி, டீச்சர்? வைங்க. உப்பு மூட்டைக்குப் பின்னால வைங்க, எலி வராது."

அவருடைய மகள் மர்லியாதான் பையை வாங்கி உள்ளே வைத்தாள். இருபது வயதுப் பிள்ளை. கடையில் பாதி வேலை அவளுடையது.

அந்தப் பையில் இருந்ததையும் சொல்ல வேண்டும். மேலே கூறை. கீழே, முகாமில் உள்ளவர்களுக்கு நான் வாங்கியவை: சவர்க்காரம் இருபது கட்டி, மெழுகுதிரி ஆறு பெட்டி, டோர்ச் பற்றறி இருபத்துநாலு. இந்தியாவுக்குப் பற்றறி கொண்டுபோகிறாயோ என்று சிரிக்கலாம். நாகேந்திரமும் சிரித்தவர்தான். ஆனால் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கே பொருளாதாரத் தடை. சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம் போட்டுத் துணி தோய்த்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். ஒரு பற்றறியை யாராவது ஒளித்துக் கொண்டுவந்தால் அது தங்கம். ஒருவருக்கு அன்பாகக் கொடுக்க உலகத்தில் இதைவிடப் பெரிய சாமான் இல்லை என்று என் புத்தியில் பதிந்துவிட்டது. குண்டு வெடிக்க வைக்கிற சாமான் என்றுதான் பற்றறிக்குத் தடை என்பதையும், கொழும்பில் பொலிஸ்காரன் கண்ணுக்கு இருபத்துநாலு பற்றறி எப்படித் தெரியும் என்பதையும் நான் நினைக்கவேயில்லை.

புதன் காலை ஆறரைக்கு வான் ஒழுங்கை வாசலில் வந்து நின்றது. முன் சீற்றில் நாகேந்திரம். பின்னால் அன்னபாக்கியம் அக்கா மடியில் சுடுதண்ணிப் போத்தலோடு இருந்தா. உடுப்புப் பெட்டியை வானில் ஏற்றிவிட்டு, சந்திக்கு நடந்தேன்.

கடைக் கதவு பாதி இழுத்துக் கிடந்தது. உள்ளே நானாவின் மனிசி பீபி அரிசிச் சாக்கின் மேல் இருந்து அழுதுகொண்டிருந்தா. மர்லியா என்னைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"டீச்சர், வாப்பாவ கொண்டு போய்ட்டாங்க. விடிய சுபஹு தொழுகைக்கு ரவுண்டப். எல்லாக் கடையும் பார்த்தாங்க. ஒங்கட பையத் தொறந்து பற்றறியக் கண்டதும் வாப்பாவ ஜீப்புல ஏத்திட்டாங்க."

"என்ரை பை எண்டு சொல்லேல்லையோ?"

"இல்ல. கடைச் சாமான் எண்டு வாப்பா சொன்னாங்க. பற்றறி, சவுக்காரம் எல்லாம் கடையில விக்கிறதுதானே. போகக்குள்ள எனக்கிட்ட சொன்னாங்க, டீச்சர வர வேணாம் எண்டு சொல்லு, பயணத்துக்குப் போகச் சொல்லு, ரெண்டு மணித்தியாலத்துல நான் வந்துருவேன் எண்டு."

எனக்காக அவர் பொய் சொல்லியிருந்தார். நல்ல பொய்தான், நிற்கக்கூடிய பொய். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கூறைச்சேலையின் மடிப்புக்குள் நான் கலியாண அழைப்பிதழை வைத்திருந்தேன். அதில் என் பெயர் இருந்தது. குகதாசனின் பெயர் இருந்தது. முகவரியில் அகதி முகாம், திருச்சி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பொலிஸ் அந்தச் சேலையை ஒரு தடவை உதறினால் போதும். தமிழ் ஆட்களின் பற்றறியைத் தன்னுடையது என்று சொல்லி மறைத்த கடைக்காரர் என்று ஆகிவிடும். பிறகு இரண்டு மணித்தியாலம் இல்லை, எத்தனை மாதம் என்று யாருக்குத் தெரியும்? உதறாவிட்டால் அவர் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்துவிடுவார்.

மர்லியாவிடம் அதைச் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

வான் சந்திக்கு வந்து ஹோர்ன் அடித்தது. நாகேந்திரம் இறங்கி வந்து கேட்டார். நான் சொன்னதும் அவருடைய முகம் சாம்பலாகிவிட்டது. என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்தார்.

"ரீச்சர், வந்து வானிலை ஏறுங்கோ. அந்தாள் முஸ்லிம். சிங்களம் தண்ணி மாதிரிக் கதைக்கும். விட்டிடுவாங்கள். நீங்கள் போனா பத்துப் பேரும் உள்ளை. பற்றறியும், தமிழ்ப் பொம்பிளையும், அகதி முகாமுக்குப் போற ஒரு கூட்டமும். அவங்கள் என்ன நினைப்பாங்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

"அவர் எனக்காகத்தான் உள்ளை இருக்கிறார்."

"எனக்கு விளங்குது. ஆனா நான் மற்ற ஒன்பது பேருக்கும் பொறுப்பு." மணிக்கூட்டைப் பார்த்தார். "எட்டு மணி. அதுக்கு மேலை ஒரு நிமிசம் நிக்கேலாது. கட்டுநாயக்கா எயர்போட்டுக்கு இடையிலை ஐஞ்சு செக்பொயின்ற். போறதெண்டாப் போங்கோ. ஆனா அங்கை எங்களைப் பற்றி வாயே திறக்கக்கூடாது."

அன்னபாக்கியம் அக்கா வானுக்குள்ளிருந்தே கையைப் பிடித்தா. "கூறை போனாப் போகட்டும், பிள்ளை. அங்கை ஒண்டு வாங்கலாம். நீ போய் உன்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பார். ஏழு வருசமல்லோ."

ஏறியிருக்கலாம். கால் ஒன்று படியில்தான் இருந்தது. பீபி அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் இறங்கி ஒரு திரீவீலரை மறித்தேன்.

போகும்போது முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பை என்னுடையது, பற்றறியும் என்னுடையது, இவருக்கு ஒன்றும் தெரியாது, இதோ பில். பில் இருந்தது. புறக்கோட்டையில் வாங்கிய கடையின் முத்திரையோடு என் கைப்பைக்குள் இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு என்ன பயம்? வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளை நான் அடித்த அடி ஊருக்குத் தெரியும். களவெடுத்தாலும் மன்னிப்பேன், பொய் சொன்னால் மன்னிக்கமாட்டேன் என்பது என் பேச்சு.

பொலிஸ் ஸ்டேசன் விறாந்தையில் ஏழெட்டு இளம் பெடியங்கள் குந்தியிருந்தார்கள். விடிய ரவுண்டப்பில் பிடித்தவர்கள். அவர்களைக் கடந்து போகவேண்டியிருந்தது. ஒருவன் சாரத்தோடு, செருப்பில்லாமல் இருந்தான். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த இடத்தில் என் ஒத்திகையில் பாதி கரைந்துவிட்டது.

திறந்த கதவால் உள்ளே தெரிந்தது. மேசையில் என் பை. பற்றறி இருபத்துநாலையும் நிமிர்த்தி வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சவர்க்காரம் ஒரு பக்கம். கூறை, நான் திரும்பச் சுற்றிக் கட்டிய கடைக் கடதாசியோடு, நூல் அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டர் தேத்தண்ணி குடித்தபடி எழுதிக்கொண்டிருந்தார். மக்கீன் நானா கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். முகம் நன்றாகத்தான் இருந்தது. ஏதோ சிங்களத்தில் சொன்னார், இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். வேலை முடியப்போகிறது என்பது எனக்கு விளங்கியது.

நானா என்னைக் கண்டார். கண்டதும் பார்வையைச் சுவருக்குத் திருப்பிவிட்டார். போ என்று அதற்கு அர்த்தம்.

போயிருக்கலாம். ஆனால் அந்த நூலை யாராவது ஒருவர் அவிழ்த்தால்? கொன்ஸ்டபிள் எனக்கு முன்னால் வந்து என்ன வேணும் என்று கேட்டான். என் வாய் நான் நினைக்காததைச் சொன்னது.

"அந்தச் சேலை என்ரை. ஓரம் அடிக்க நானாவின்ரை மகளிட்டைக் குடுத்தனான். இண்டைக்கு இந்தியா போறன். எடுக்க வந்தனான்."

பாதி உண்மை. இப்படிச் சொன்னால் அவருடைய பொய்யும் நிற்கும், அழைப்பிதழும் சேலையோடு என் கைக்கு வந்துவிடும் என்று ஒரு நொடியில் புத்தி வேலை செய்தது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நானாவும் உடனே பிடித்துக்கொண்டார். சிங்களத்தில் கடகடவென்று சொன்னார். வீட்டில் மகள் தையல் வேலை செய்கிறாள், இந்த டீச்சர் நல்ல மனிசி, கடை சின்னது என்றபடியால் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுவைத்தேன் என்று சொல்லியிருப்பார்.

இன்ஸ்பெக்டர் நூலை அறுத்தார். கூறையை விரித்தார். அழைப்பிதழ் மேசையில் விழுந்தது. என் பாஸ்போட்டையும் டிக்கெற்றையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் வாங்கி, அழைப்பிதழில் இருந்த பெயரோடு ஒவ்வொன்றாகக் கொன்ஸ்டபிளைக் கொண்டு ஒப்பிட்டார். நேரம் எடுத்தது. சுவர் மணிக்கூடு ஏழு முப்பத்தைந்து காட்டியது.

"மகன் கலியாணம்?" என்று தமிழில் கேட்டார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது.

"ஓம் சேர். வெள்ளிக்கிழமை."

"காம்ப்ல?"

"கோவில்லை, சேர்."

கூறையை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்தேன். அப்போதுதான் அவர் ஒரு பற்றறியை எடுத்து மற்றதன் மேல் தட்டினார். நானாவைப் பார்த்து ஏதோ கேட்டார். பில் என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

நானா தயங்கினார். கடையில் பில் இருக்கும், தேடிப்பார்க்கவேண்டும் என்றார் போலிருக்கிறது. கடையில் எப்படி இருக்கும்? பில் என் கைப்பைக்குள் அல்லவா இருந்தது. கைப்பை என் கக்கத்துக்குள் இருந்தது. ஸிப்பை இழுத்தால் எடுத்துவிடலாம்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "சாரி ஒங்கட. ஒரே பை. பற்றறியும் ஒங்கடயா?"

"மகே தமய் சேர்," என்றார் நானா. என்னுடையதுதான் என்று. அவர் அவ்வளவு விரைவாகச் சொன்னது இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"நான் இவங்ககிட்ட கேட்டது. ஒங்கடயா?"

ஏழு நாற்பது. பற்றறி என்னுடையது என்றால் நான் அங்கே இருக்கவேண்டும். பில்லைக் காட்டினால் அந்தக் கடையைத் தேடிப் போவார்கள், கேட்பார்கள், வருவார்கள். அன்று முடியலாம், அடுத்த நாள் முடியலாம். யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்பார்கள். அகதி முகாமுக்கு என்பேன். வெள்ளிக்கிழமை போய்விடும். குகதாசன் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இதையெல்லாம் நான் நினைத்தேனா, அல்லது பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா என்று தெரியவில்லை. நான் சொன்னது ஒரு சொல்.

"இல்லை."

இன்ஸ்பெக்டர் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டிருந்த தாளைக் கிழித்துக் கூடைக்குள் போட்டுவிட்டு, வேறு தாள் எடுத்தார். கொன்ஸ்டபிள் நானாவின் தோளில் கை வைத்தான். நானாவை விடப்போவதில்லை என்று எனக்கு விளங்கியது. ஒன்றும் விளங்காத மாதிரி நின்றேன்.

"போய்ட்டு வாங்க, டீச்சர்," என்றார் நானா. கடையில் மிச்சக்காசு தந்துவிட்டுச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க வானில் ஏறினேன். கடை வாசலில் மர்லியா நின்றாள். நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அது ஓமா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டு தாயிடம் உள்ளே ஓடினாள்.

"விட்டிட்டாங்களோ?" என்று அன்னபாக்கியம் அக்கா கேட்டா.

"ஓம்," என்றேன். ஒரு பொய் தனியே இருக்காது, துணைக்கு ஆள் கூப்பிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். கொட்டாஞ்சேனையில் மற்ற நாலு பேரும் ஏறினார்கள். ஒருவர் தேவாரம் தொடங்கினார். எல்லோரும் பாடினார்கள். ஐந்து செக்பொயின்றிலும் இறங்கி ஏறினோம். ஒவ்வொன்றிலும் என்னைத்தான் பிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் பிடிக்கவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் மீசை வைத்த ஒரு ஆம்பிளை வந்து என் காலில் விழுந்தான். குகதாசன் என்று அறிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அழுதேன். நன்றாக அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவனுக்குத் தெரியாமல் இருந்தது வசதியாகப் போய்விட்டது.

நாகேந்திரத்தின் நிகழ்ச்சிநிரல் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மலைக்கோட்டை ஏறினோம். ஸ்ரீரங்கத்தில் வரிசையில் நின்றோம். வெள்ளிக்கிழமை வயலூரில், நான் கொண்டுபோன கூறையைக் கட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை மணவறைக்கு வந்தது. நல்ல பிள்ளை. கூறை அவளுக்கு நன்றாக இருந்தது. எல்லோரும் என்னை மாமி, மாமி என்று தாங்கினார்கள். நான் படத்துக்குச் சிரித்தேன். ஒவ்வொரு நாளும் கூட்டத்தை விட்டு நழுவி, எஸ்.டி.டி. பூத்தில் போய்க் கடை நம்பருக்கு அடித்தேன். மணி அடிக்கும். ஒருவரும் எடுக்கமாட்டார்கள். தஞ்சாவூரில் பெரிய கோவிலைப் பார்த்தேனா என்று கேட்டால், அதற்கு முன்னால் இருந்த பூத்தைத்தான் என்னால் சொல்ல முடியும்.

முகாமில் பிள்ளைகள் வரிசையாக நின்று எங்களை வரவேற்றுப் பாடினார்கள். தகரக் கூரை, ஒரே அறை, அதற்குள் ஆறு பேர். ஆனாலும் விளக்கு எரிந்தது. சோறு கறி என்று அவர்களிடம் இருந்ததை எல்லாம் எங்கள் இலையில் போட்டார்கள். சாப்பிட்டு முடிய, வெற்றிலை வாங்க மகனோடு முகாம் வாசலில் இருந்த பெட்டிக்கடைக்குப் போனேன். முன்பக்கம் பூமாலை மாதிரி பற்றறி தொங்கியது. சின்னது, பெரியது, சிவப்பு, நீலம். சவர்க்காரம் அடுக்கடுக்காக இருந்தது. கடைக்காரப் பெடியன் ஒரு பற்றறியை எடுத்து, விளையாட்டாகக் கல்லாவில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றான் குகதாசன்.

"வெயில்," என்றேன்.

பத்தாம் நாள் பின்னேரம் வெள்ளவத்தையில் இறங்கினேன். அறைக்குப் போகவில்லை. பலகாரப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே சந்திக்கு நடந்தேன். சொல்லிவிடுவது என்று பிளேனிலேயே முடிவு செய்திருந்தேன்.

கடை திறந்திருந்தது. நானா தராசுக்குப் பின்னால் வழக்கமான ஸ்டூலில் இருந்தார். தாடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. அவரைக் கண்டதும் என் உடம்பில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது. வந்துவிட்டார், உயிரோடு இருக்கிறார், முடிந்தது என்று நினைத்தேன். மர்லியா என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் பீபி நிற்பது தெரிந்தது. அவவும் வெளியே வரவில்லை.

"வாங்க டீச்சர். மகன்ட கலியாணம் நல்லா முடிஞ்சிச்சா?"

"ஓம் நானா. நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

"முந்தாநாள்." எங்கே வைத்திருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "நானா, பில் அண்டைக்கு என்ரை கைப்பைக்குள்ளை இருந்தது. பற்றறி வாங்கின பில். நான் எடுத்துக் காட்டேல்லை. அந்தாள் கேட்டபோது இல்லை எண்டு சொன்னன்."

திரை ஆடியது. நானா தராசுத் தட்டைப் பார்த்தார்.

"பில் ஈந்திச்சா," என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, கோபம் மாதிரியும் இல்லை. "எனக்கு அது தெரியாது."

நான் தலை குனிந்து நின்றேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. என்னை ஒருவர் ஏசவேண்டும் என்று என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

"சரி, விடுங்க. நீங்க சொல்லீந்தா ஒங்கள வெச்சீப்பாங்க. அந்தப் புள்ள கலியாணத்துல உம்மா இல்லாம நின்டீக்கும்." என் கையைப் பார்த்தார். "அது கலியாணப் பலகாரமா?"

பொட்டலத்தை நீட்டினேன். அவர் எழும்பி, கல்லாவுக்கு மேலால் இடது கையை நீட்டினார். நான் பழக்கத்தில் கொடுக்காமல் நின்றேன். எங்கள் ஆட்களும் சரி, அவர்களும் சரி, சாப்பாட்டுச் சாமானை இடது கையால் வாங்குவதில்லை. அவருடைய வலது கை மடியில், ஒரு துவாய்க்குள் கிடந்தது.

"இடது கையெண்டு கோவிக்க வேணாம், டீச்சர்," என்றார். "மத்தக் கை வெரல் இன்னும் மடங்குது இல்ல."